நில்

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. பல்லும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மக்ரூன் சாப்பிடுவதை விட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. தூத்துக்குடியில் இருந்துகொண்டு மக்ரூன் வேண்டாம் என்கிறவனை எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கல்யாண வீடு, கிறிஸ்துமஸ், பிள்ளை பிறந்த வீடு, எங்கே போனாலும் அந்த வெள்ளைக் கூம்பு இரண்டைத் தட்டில் வைத்து நீட்டிவிடுகிறார்கள். நான் எடுத்துக் கைக்குட்டையில் மடித்துக்கொள்வேன். வெளியே வந்து காக்காய்க்குப் போட்டுவிடுவேன்.

அம்மா, விசாரணை அதிகாரியான நீங்கள் மக்ரூனைப் பற்றிக் கேட்கவில்லை என்பது தெரியும். உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், அவசரமில்லை என்றீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி. அதனால்தான் எனக்கு எங்கே தொடங்கியதோ அங்கேயே தொடங்கியிருக்கிறேன்.

என் பெயர் ஜேசுபாதம். வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் நாசரேத். அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கையெழுத்து அவர் அடித்து வரவழைத்தது. டாக்டர் கிளைட்டனின் லேபில் இருபத்தெட்டு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். கீழே லேப், மாடியில் டாக்டரின் குழந்தைப்பேறு கிளினிக். என் மனைவி கிருபை சாத்தான்குளத்துக்காரி, ஆசிரியை. காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை.

ஆறுமுகத்தாய் கொடுத்த புகாரை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அவர் கணவன் இசக்கியப்பனின் விந்தணுச் சோதனை முடிவை 2009 ஜூலையில் நான் பொய்யாக எழுதினேன் என்கிறார். தன்னிடம் இல்லாத குறைக்கு ஒன்பது வருடம் தன்னை அறுத்தும் குத்தியும் வைத்தியம் பார்த்தார்கள், மலடி என்று பேர் வாங்கித் தாய்வீட்டுக்குத் திரும்பினேன் என்கிறார். எல்லாம் சரி. ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில் தட்டச்சு செய்தவர் இசக்கியப்பனை ஈசாக்கியப்பன் என்று அடித்திருக்கிறார். ஈசாக்கு எங்கள் வேதத்துப் பெயர், அந்தக் குடும்பம் அம்மன் கோயில் குடும்பம். மாற்றிவிடுங்கள்.

எங்கள் வேலை எப்படி என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். ஆண்கள் ஒரு சின்ன டப்பாவில் மாதிரியைக் கொடுப்பார்கள். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அரை மணி நேரம் வைத்தால் இளகும். ஒரு சொட்டை எடுத்துக் கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். எத்தனை இருக்கிறது, எத்தனை ஓடுகிறது, எத்தனை சும்மா கிடக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் மாதிரியைச் சுழற்றும் மெஷினில் போட்டு, அடியில் தங்குவதையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். அப்போதும் இல்லையென்றால் எண்ணிக்கைக்கு எதிரே ஆங்கிலத்தில் மூன்றெழுத்து எழுதுவோம். நில். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

நில் என்பது முடிவல்ல. இதை டாக்டர்களே நின்று விளக்குவதில்லை. வரும் வழி அடைத்திருக்கலாம். அப்படியென்றால் உள்ளே உற்பத்தி நன்றாக இருக்கும், ஊசியால் உறிஞ்சி எடுத்து லேபில் வைத்தே கரு உண்டாக்கலாம். உற்பத்தியே குறைவாக இருக்கலாம். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள ஒரு ரத்தப் பரிசோதனையும், கை வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டரும் போதும். விதைப்பையில் நரம்பு சுருண்டிருக்கலாம், சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கலாம், ஹார்மோன் இறங்கியிருக்கலாம். பாதிக்கு வழி உண்டு. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம்.

ஆனால் இங்கே முறை வேறு. பிள்ளை இல்லையென்றால் முதலில் பெண்ணைத்தான் கூட்டிவருவார்கள். அவளுக்கு ஸ்கேன், ரத்தம், குழாயில் மருந்து ஏற்றிப் படம், வயிற்றில் ஓட்டை போட்டுப் பார்ப்பது. மூன்று வருடம் இப்படிப் போன பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆணின் டப்பா வரும். பத்தே நிமிடத்து வேலை, யாருக்கும் வலிக்காது, அதைக் கடைசியில் வைப்பார்கள். சர்ச்சிலும் அப்படித்தான். பெண்கள் ஐக்கியத்தில் மாதாமாதம் ஜெபக்குறிப்பு எழுதுவார்கள், இன்னாருடைய கர்ப்பம் திறக்கப்பட என்று. ஆணுக்காக ஒருவரும் ஒரு சீட்டு எழுதி நான் பார்த்ததில்லை.

2009 வரைக்கும் நான் நில் என்று எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அதனால் என்ன நன்மை வந்தது? ஒருவன் பேப்பரைக் கிழித்து என் மேஜையில் போட்டான். இன்னொருவன், வேறு எவனுடையதையோ தனக்கு மாற்றி எழுதிவிட்டேன் என்று சண்டைக்கு வந்தான். ஒருவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய், படிக்கட்டில் நின்ற பெண்டாட்டியைச் செவிட்டில் அறைந்தான். அவள் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டாவது சோதனைக்குத் திரும்பி வந்தவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். உண்மையைத் தாங்குகிற ஆண்பிள்ளையை நான் அதிகம் கண்டதில்லை.

இசக்கியப்பன் அப்படிப்பட்டவன் இல்லை. தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர், ஏரலுக்குப் பக்கம். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டினான். முப்பத்தொரு வயது. சொன்னபடி இரண்டு முறையும் வந்தான், எனக்கு வணக்கம் சொன்னான். இரண்டாவது முறையும் ஒன்றுமில்லை. நான் எழுதிக் கையில் கொடுத்தேன். அவன் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்து உதட்டை அசைத்துப் படித்தான். திரும்பும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன் அண்ணாச்சி, எழுத்துக் கூட்டி வாசிச்சிருவேன். நில். அதான போட்டிருக்கு? போன தசராவுக்குக் குலசைக் கோயில்ல நேர்ச்சைக்குப் பொம்பள வேசம் கட்டி தர்மம் எடுத்தேன். சாமியாடி திருநீறு பூசி, இந்தத் தடவ நிக்கும்லேன்னாரு. பேப்பர்லயும் அதே சொல்லு வந்துட்டு."

அம்மா, எங்கள் பக்கத்தில் கரு நின்றது, நிற்கவில்லை என்றுதானே பேச்சு. மாதாமாதம் அவன் வீட்டில் நிக்கல, நிக்கல என்று கேட்டே காது புளித்திருக்கும். அவன் அந்த ஆங்கில வார்த்தையைத் தமிழில் வாசித்துவிட்டான். வாசித்தவன் மேல் தப்பில்லை.

நான் ஆமாம் என்று சொன்னேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. அவன் படியிறங்கி ஓடி, ஒரு பெட்டி மக்ரூனோடு வந்தான். லேபில் எல்லோருக்கும் கொடுத்தான். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தவளுக்கும் கொடுத்தான். நான் ஒன்றை வாயில் போட்டேன். கரைந்துவிட்டது. அது கரையத்தானே செய்யும்.

பிறகு பேப்பரைப் பற்றி யோசித்தேன். டாக்டர் கிளைட்டன் அதைப் பார்த்தால் அடுத்த நிமிடமே அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் கொடுத்த இனிப்பு என் தொண்டையில் இருக்கும்போது அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. டாக்டருக்கு நல்ல தாளில் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அந்தச் சீட்டைத் திருப்பி வாங்கினேன். புதுத் தாளில் ஒரு மில்லிக்கு ஐந்து கோடி என்று எழுதினேன். மதிப்பாக இருக்கட்டும் என்று, அதில் அறுபது சதவீதம் நன்றாக ஓடுகிறது என்றும் சேர்த்தேன். நான் எழுதிய முதல் பொய் அதுதான்.

ஆறுமுகத்தாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்று வருடத்துப் பைல். கணவன் போய், எனக்கு ஒரு குறையும் இல்லையாம் என்று சொன்னதும் அவர் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் தலை குனிந்துவிட்டது.

"அப்ப எங்கிட்டதான்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். எனக்குக் கேட்டது. நான் குருடனும் இல்லை, செவிடனும் இல்லை. ஒருவருக்குச் சந்தோஷம் கொடுத்தால் இன்னொருவருக்குக் கொஞ்சம் கஷ்டம் வரத்தான் செய்யும் என்று நினைத்தேன். பெண்கள் தாங்குவார்கள். தாங்கிப் பழகியிருக்கிறார்கள்.

ஒன்றை எழுதிய பிறகு அதற்கேற்றபடி மற்றதும் நடக்க வேண்டும். கணவனுக்கு ஐந்து கோடி இருக்கிறது, மனைவிக்குத் தங்கவில்லை என்றால், டாக்டர் அடுத்துச் செய்வது கணவனின் விந்தைக் கழுவி, ஓடக்கூடியதை மட்டும் பிரித்து, மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது. கழுவித் தருவது என் வேலை. இசக்கியப்பனின் டப்பாவில் கழுவுவதற்கு ஒன்றுமில்லை. அதனால் கழுவும் திரவத்தையே அரை மில்லி எடுத்து, பெயர் எழுதி, மாடிக்கு அனுப்பினேன். டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில்லை. என் கையெழுத்தைப் பார்ப்பார். ஆறுமுகத்தாய்க்கு ஏழு முறை அனுப்பினேன்.

செய்தித்தாளில் அடிக்கடி வருகிற அந்த அசிங்கம் எதையும் நான் செய்யவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். யாருடையதையோ எடுத்து யாருக்கோ வைக்கிற ஈனத்தனம் என் கையால் நடக்காது. நான் கொடுத்ததெல்லாம் சுத்தமானது. ஒரு கிருமியும் இல்லை.

அதன் பிறகு நில் என்று எழுதும் பழக்கத்தையே விட்டுவிட்டேன். ஒருவனுக்கு ஒரு நியாயம், மற்றவனுக்கு ஒரு நியாயம் என்று இருக்கக்கூடாது. ரிஜிஸ்டரில் நீங்கள் நாற்பத்தொரு பெயரைக் குறித்திருக்கிறீர்கள். நானும் சரிபார்த்தேன், சரிதான். ஒன்றை யோசித்துப் பாருங்கள். பதினாறு வருடமாக எங்கள் லேபுக்கு வந்த ஆண்களில் ஒருவனுக்குக்கூட விந்தணு இல்லாமல் இல்லை. உலகத்தில் எந்த ஊரிலும் இப்படி நடக்காது. டாக்டர் கேட்கவில்லை. வருடாவருடம் கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்கவில்லை. அந்த நாற்பத்தொரு குடும்பத்திலும் ஒருவர் கேட்கவில்லை. குறையெல்லாம் பெண்ணிடம் என்றதும் எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் எழுதியது அவர்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்ததைத்தான்.

இசக்கியப்பனின் அம்மா 2018-இல் மகனுக்கு வேறு பெண் பார்த்தார். செல்வலட்சுமி என்று பெயர். ஆறுமுகத்தாயைத் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இசக்கியப்பன் அழுதானாம். அழுதுகொண்டே தாலி கட்டினானாம். நான்கு வருடமாகியும் செல்வலட்சுமிக்கும் தங்கவில்லை. அவள் கொஞ்சம் விவரமானவள், தன்னை விட்டுவிட்டு முதலில் அவனைச் சோதிக்கட்டும் என்று கணவனை மதுரைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கே நில் என்று எழுதிக் கொடுத்தார்கள். அர்த்தமும் சொன்னார்கள். ரத்தம் எடுத்தார்கள், உற்பத்தி நன்றாக இருக்கிறது, வழியில்தான் அடைப்பு என்றார்கள். ஊசியால் எடுத்தார்கள். போன வருடம் பெண் பிள்ளை பிறந்தது.

இந்தப் பொங்கல் கழிந்த வாரம் ஆறுமுகத்தாய் லேபுக்கு வந்தார். நாற்பத்து மூன்று வயது. தம்பியின் வாழைத்தோட்டத்தில் இலைக்கட்டு கட்டுகிறார் போல, விரலெல்லாம் கறை. மஞ்சள் பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மதுரைத் தாளின் நகல். மற்றது என்னுடையது. என் கையெழுத்து மங்கவே இல்லை.

"நீங்க மிசின்ல பாத்துட்டு எழுதுனியளா அண்ணாச்சி, பாக்காமலே எழுதுனியளா?"

பார்த்துத்தான் எழுதினேன் என்றேன்.

"பாக்காம எழுதியிருந்தா பரவால்ல. வேல சாஸ்தி, கவனிக்கலன்னு நெனச்சிக்கிடுவேன்." என் தாளை விரலால் நீவினார். "அப்ப அந்தக் குழாயில என்ன இருந்துச்சு?"

மருந்து கலந்த தண்ணீர், கெடுதல் ஒன்றும் செய்யாது என்றேன்.

"ஏழு தடவ" என்றார். "பஸ்ஸு சீட்டுல உக்காந்தா பள்ளத்துல தூக்கிப் போடும்னு, ஒவ்வொரு தடவையும் ஏரல் வரைக்கும் கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே போனேன். நிக்கணுமேன்னு நின்னுக்கிட்டே போனேன்."

அவர் அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்டால் சொல்லக்கூடாது என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு பெண்ணும் கேட்கவில்லை. கிருபையும் கேட்கவில்லை.

இனி நீங்கள் கடைசியாகக் காட்டிய தாளுக்கு வருகிறேன். 2006 மார்ச் ரிஜிஸ்டரின் பக்கம். அதில் என் பெயர் இருக்கிறது. இசக்கியப்பனுக்கு எழுதியதுதான் முதல் பொய் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அதை அடிக்க மனம் வரவில்லை, அந்தப் பக்கம் கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது. இங்கே திருத்திக்கொள்கிறேன். அது இரண்டாவது. நாற்பத்தொன்று அல்ல, நாற்பத்திரண்டு.

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. டாக்டர்தான், லேபிலேயே வேலை பார்த்துக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறீர் என்றார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு என்னுடையதை நானே பார்த்தேன். கட்டம் வெறுமையாக இருந்தது. மெஷினில் சுழற்றிப் பார்த்தேன். மூன்று வாரம் கழித்தும் பார்த்தேன். அந்த மூன்றெழுத்தை எழுதி டாக்டர் மேஜையில் நானே கொண்டுபோய் வைக்க வேண்டும். லேபில் உள்ள பெண்பிள்ளைகள் பார்ப்பார்கள். அப்பாவுக்கும் தெரிந்துவிடும். ஆறு கோடி என்று எழுதினேன். எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கிருபையிடம் காட்டினேன். அவளும் தலைகுனிந்தாள். அன்றிலிருந்து அவள்தான் நோயாளி. பெண்கள் ஐக்கியத்தில் அவள் பெயர் மாதம் தவறாமல் வாசிக்கப்பட்டது. என் அக்கா வீட்டு விசேஷங்களில் பிள்ளையைக் கையில் கொடுக்க மாட்டார்கள். அவளும் கேட்க மாட்டாள். இசக்கியப்பன் கொடுத்த மக்ரூனில் நான்கை அன்றைக்கு அவளுக்குத்தான் கொண்டுபோனேன். யாருக்கு நல்ல காரியம் என்று கேட்டாள். சொன்னேன். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "நமக்கும் ஒருநாள் நீங்க இப்படிப் பெட்டியோட வருவீங்கல்லா?" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அது இறங்கவில்லை.

கிருபைக்கு ஐந்து முறை குழாய் அனுப்பினேன். அதை மட்டும் வேறு யாரையும் தொடவிடவில்லை, நானே தயார் செய்தேன். என்னுடையது அடைப்பா, உற்பத்திக் குறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரத்தம் எடுக்கிற ஊசி என் மேஜை டிராயரிலேயே இருந்தது.

2015-இல் கிருபைக்குக் கருமுட்டை வளரப் போடும் ஊசிகளின் அளவைக் கூட்டினார்கள். டாக்டர் மேல் தப்பில்லை, என் தாளை நம்பித்தான் கூட்டினார். அவளுக்கு முட்டைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும். பிறகு ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறியது. நான்காம் நாள் போய்விட்டாள். நாற்பது வயது. அதன் பிறகும் பத்து வருடம் நான் மற்றவர்களுக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தினால் அவளுடையது வீணாகப் போனதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது.

அவள் போவதற்கு முந்தின நாள் மாலை கொஞ்சம் தெளிவாக இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. என்னாலதான் ஒரு பிள்ளையக் குடுக்க முடியாமப் போச்சு. என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்றேன். நீங்கள் கேட்பீர்கள் என்று நானே எழுதிவிடுகிறேன். சாகப்போகிறவளின் ஆறுதலுக்காக நான் அதைச் சொல்லவில்லை, அம்மா. மனதார மன்னித்தேன்.